கறுப்புத் தொப்பி போட்ட நாட்கள்

"தொப்பியைக் கழட்டி மேஜை மேல வைங்க" என்றார் முதலாளியம்மா. திங்கட்கிழமை காலை.

வைத்தேன். சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. உச்சியில் ஒரு பள்ளம், சுற்றிலும் பட்டு நாடா. அறுபது எழுபது வருடத்துக்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளப் போனவர்கள் வைத்துக்கொண்ட வகை. அம்மா அதைக் கையால் தொடவில்லை. பென்சில் முனையால் நெம்பிக் கவிழ்த்து, உள்ளே இருந்த தோல் பட்டையைப் பார்த்தார். பழக்கடையில் பப்பாளியின் அடியைப் பார்க்கிறவர் மாதிரி.

பக்கத்தில் கொள்முதல்காரர் நின்றிருந்தார். எங்கள் சட்டைத் தொழிற்சாலைக்குத் துணி வாங்குவது அவர் வேலை. வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு வெட்டி அட்டையில் ஒட்டி, அது துவைத்தால் சுருங்குகிறதா, சாயம் விடுகிறதா என்று சோதிக்கக் கொடுத்து வாங்குவது என் வேலை. பத்தொன்பது வருடமாகச் சாம்பிள் அறையில் கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை யாரும் என்னை மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்க வைத்ததில்லை.

கொள்முதல்காரர் ஒரு கசங்கிய தாளை நீவி விரித்தார். துணித் தெருவிலிருந்து வந்த லைனிங் துணிச் சுருள் ஒன்றுக்குள் அட்டைக்குப் பதிலாக யாரோ செருகிய தாளாம். நான்கே வரி.

கறுப்பு: வாங்கும். சாம்பல்: யோசிக்கிறது. வைக்கோல்: வாங்காது. காதுமூடி: இன்றைக்கு எதுவும் கேட்காதே.

கீழே தேதிகள். கறுப்புக்கு எதிரே பதினோரு தேதி, பதினொன்றுக்கும் சரி போட்டிருந்தது.

"நான் துணித் தெருவுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே விலை ஏறி உக்காந்திருக்கு" என்றார் கொள்முதல்காரர். "ஆறு மாசமா அம்மா என்னைத்தான் சந்தேகமாப் பாத்தாங்க. நான் யாரைப் பாக்கறது? இப்பதான் தெரியுது, நாம எப்ப வாங்கப் போறோம்னு தலை மேல எழுதி ஒட்டிக்கிட்டு ஊர்வலம் போயிருக்காரு."

"அம்மா, எந்தத் தொப்பிக்கும் எந்த அர்த்தமும் கெடையாது. கைக்கு எது வருதோ அதை மாட்டிக்கிட்டு வரேன்."

"பதினோரு தடவை கைக்குக் கறுப்பே வந்துதா?"

தாளில் இருந்த சரிகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்றேதான்.

"புதன்கிழமை அடுத்த கொள்முதல் முடிவாகுது" என்றார் அம்மா. "வியாழக்கிழமை காலையில இங்க வந்து, இது எப்படி வெளிய போச்சுன்னு சொல்லுங்க. யாருக்கு, எதுக்குன்னு முழுசா. சொல்ல முடியலன்னா சாம்பிள் அறைச் சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பிடுங்க. எதுக்கு அனுப்பினேன்னு கேக்கறவங்களுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் விஷயம். ஐம்பத்தோரு வயதில், ரகசியத்தைக் கசியவிட்டவன் என்ற பெயரோடு இந்தத் தொழிலில் ஒரு கடையில் படியேற முடியாது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பார்கள். எனக்குத் தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போகப் பார்த்தது.

தொப்பிகள் வந்த கதை எளிது. மூடப்போகிற ஒரு நாடகக் கம்பெனியில் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றார்கள். நான் கேட்டது ஒரு தகரப் பெட்டி. பேரம் பேசிப் படிந்த பிறகு திறந்து பார்த்தால் உள்ளே நாலு தொப்பி. கவிழ்த்த கிண்ணம் போல் கறுப்பு ஒன்று, இந்தச் சாம்பல், தட்டையான வைக்கோல் தொப்பி, காதை மூடிக் கன்னத்துக்குக் கீழே முடிச்சுப் போடுகிற கட்டம் போட்டது ஒன்று. எங்கள் வீட்டில் பெரியப்பா சித்தப்பா எல்லாரும் வியாபாரிகள். மூச்சைத் தவிர எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை, எதையும் யாருக்கும் சும்மா கொடுத்ததும் இல்லை. அந்தப் பழக்கத்தில், கொசுறாக வந்ததை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருநாள் மாட்டிக்கொண்டு போனேன். பிறகு கழட்ட மனசு வரவில்லை.

பழைய காலத்துத் தொப்பி போட்டுக்கொண்டு தினமும் வெளியே போகிறவனை ஊர் எப்படி நடத்தும் என்பதை நான் அனுபவத்தில் சொல்ல முடியும். பஸ்ஸில் நடத்துனர் "மேஜிக்கா சார், முயல் இருக்கா?" என்பார். லிப்டில் உள்ளவர்கள் ஒரு மாடி முன்னாலேயே இறங்கிக்கொள்வார்கள். டாக்டரிடம் வயிற்று வலி என்று போனால், "முடி எத்தனை நாளா கொட்டுது?" என்று கேட்பார். வங்கிக் காவலாளி விறைத்து நின்று சல்யூட் வைப்பார். இரண்டாவது மாதம் ஆளை அடையாளம் தெரிந்துகொண்டு, வைத்த சல்யூட்டுக்கெல்லாம் சேர்த்து முறைப்பார். என் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "நம்ம குடும்பத்துல பைத்தியம் ஒண்ணு இல்லாத குறை தீந்துதுடா" என்றார்.

சிரிக்காத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துணித் தெரு.

என் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி, பாலத்தடியில் இருக்கும் சலவைப் பட்டறையைக் கடந்து, துணித் தெருவின் முழு நீளமும் நடந்தால் தொழிற்சாலை. சோதனை உள்ள நாட்களில் முந்தின ராத்திரி வீட்டில் புத்தகமாக ஒட்டி முடித்த துணித் துண்டுகளைப் பட்டறையில் கொடுத்துவிட்டு, கைவீசிக்கொண்டு தெருவில் நுழைவேன். இருபுறமும் மொத்த வியாபாரிகள். வேறு எங்கேயும் கேலி செய்கிறவர்கள் இங்கே எழுந்து நின்றார்கள். "வாங்க, வாங்க" என்றார்கள். லைனிங் கடைக்காரர் தன் மெத்தையைத் தட்டிப் போட்டு, "ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க" என்பார். கண் மட்டும் என் நெற்றிக்கு நாலு விரல் மேலே நிற்கும். மரியாதை என்று நினைத்தேன். வியாபாரி வீட்டில் பிறந்தவன், சரக்கைப் பார்க்கிற பார்வைக்கும் ஆளைப் பார்க்கிற பார்வைக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒன்றரை வருடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வெறுந்தலையோடு போனேன். தொப்பிதானே பிரச்சினை, தொப்பி இல்லாவிட்டால் தீர்ந்தது என்பது என் கணிப்பு.

தெரு முனையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். முதல் கடையில் அளந்துகொண்டிருந்த கை அளவுகோலோடு அந்தரத்தில் நின்றது. நான் நடக்க நடக்க எனக்கு முன்னால் ஓசை அடங்கிக்கொண்டே போனது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. லைனிங் கடைக்காரர் மெத்தையைத் தட்டாமல் படியிறங்கி வந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்."

"உங்க முதலாளியம்மா?"

"அவங்களுக்கென்ன, நல்லா இருக்காங்க."

"நல்லா இருக்காங்களா" என்று எதிர்க் கடையைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் அம்மாவைப் பாதி அடக்கம் செய்துவிட்டார் என்று எனக்குப் புரிவதற்குள் பின்னால் ஒரு ஷட்டர் பாதி இறங்கியது. அப்புறம் இன்னொன்று.

பதினோரு மணிக்கு அம்மா என்னைக் கூப்பிட்டார். மேஜையில் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"தொழிற்சாலையை மூடப் போறீங்களான்னு நாலு பேரு கேட்டுட்டாங்க. ஒருத்தர் எனக்கு எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கறாரு. என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. தொப்பி போடல."

பேச வேண்டிய அவசியம் இல்லாதவனின் நிம்மதி கொள்முதல்காரர் முகத்தில் இருந்தது. என் தலையில் ஒன்றும் இல்லாதபோதே தெரு நடுங்குகிறது என்றால், இருக்கும்போது அது என்ன பேசியிருக்கும்? போட்டாலும் குற்றம், கழட்டினாலும் சாட்சியம்.

"நாளைக்குப் பின்பக்கச் சந்து வழியா வாங்க" என்றார் அம்மா. "வியாழக்கிழமை மறந்துடாதீங்க."

அன்று சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்தில் என் மைத்துனன் வீட்டுக்கு ஓடிவந்தான். மனைவியின் தம்பி, துணித் தெருவில் தரகு. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு, காதில் ஒரு பென்சில். வாசலில் செருப்பைக் கூடச் சரியாக விடவில்லை.

"மாமா, உண்மையைச் சொல்லுங்க. கம்பெனியை மூடறாங்களா?"

நான் பதில் சொல்லாமல் அந்த நான்கு வரியையும் ஒப்பித்தேன். கறுப்பு, சாம்பல், வைக்கோல், காதுமூடி. அவன் உட்கார்ந்துவிட்டான்.

"உன் கையெழுத்துதானே மாப்ளே?"

"ஒரு பிரதிதான் எடுத்தேன். லைனிங் கடை அண்ணன் ரொம்பக் கெஞ்சினாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா அது துப்பு மாமா. பாத்தா அது பொது. உங்ககிட்ட ஒரு தடவையாவது தொழில் பேசியிருக்கேனா? தெருவுல நடக்கறவரோட தலையைப் பாக்கறதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கணும்? நீங்க ஒண்ணும் சொல்லல. உங்க தலை சொல்லுச்சு."

"என் தலை சும்மா இருந்துச்சுடா. எனக்கு வேலை போகப் போகுது."

அவன் முகம் செத்துப்போயிற்று. விளையாட்டாக அல்ல, நிஜமாகவே அவன் அதை நினைத்துப் பார்த்ததில்லை. தெருவில் அவன் சொல்லுக்கு இருந்த மதிப்பெல்லாம் என் தொப்பியைப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் வந்தது. அந்த மதிப்புக்கு அடியில் என் கழுத்து இருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

"சும்மா இருந்துச்சுன்னா எப்படி மாமா பதினொண்ணும் பலிச்சுது?" என்றான் மெதுவாக.

அம்மா கேட்ட அதே கேள்வி. அப்போது என் மனைவி, தொப்பிகளைத் துடைக்கிற பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே, அலட்சியமாகச் சொன்னாள்.

"இதுல என்ன அதிசயம்? நான்தானே எடுத்து மாட்டறேன்."

"எங்க மாட்டற?"

"வாசக் கொக்கியில. நீங்க கைக்கு வந்ததுன்னு எடுத்துட்டுப் போறது நான் மாட்டி வெச்சதைத்தான். பாலத்துல காத்து பிச்சுக்கிட்டுப் போகுமில்ல. நீங்க ரெண்டு கையிலயும் பெரிய சாம்பிள் புஸ்தகம் தூக்கிட்டுப் போற அன்னிக்குத் தொப்பியைப் பிடிக்கக் கை ஏது? கறுப்புதான் இறுக்கம், அசையாது. ஒரு கையில சுமைன்னா சாம்பல். சும்மா கைவீசிட்டுப் போற அன்னிக்கு வைக்கோல். அதை ஒரு கையால பிடிச்சுக்கிட்டே போகணும். பல்லு வலின்னு முனகினா காதுமூடி."

இரண்டு பெரிய புத்தகங்களை நான் தூக்கிக்கொண்டு போவது எப்போது? அம்மா வாங்குவதென்று முடிவு செய்த பிறகு, கடைசிச் சோதனைக்காகச் சலவைப் பட்டறைக்கு. ஒரு கைச் சுமை எப்போது? முடிவாகாமல் சாயத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது. சுமைகளைப் பாலத்தடியிலேயே கொடுத்துவிடுவேன். தெரு அவற்றைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தொப்பி மட்டும்.

தெரு தப்பாகப் படிக்கவில்லை. எழுதியவனுக்குத்தான் எழுதியது தெரியவில்லை. பனைமரத்தடியில் பால் குடித்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தவன், சொம்பை எட்டிப் பார்த்தால் உள்ளே கள்ளே இருக்கிறது.

மைத்துனன் நோட்டை எடுத்தான், என்னைப் பார்த்தான், திரும்பப் பைக்குள் வைத்தான்.

"எனக்கு எதுவும் கேக்கவே இல்லன்னு வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை காலை மேஜைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பாலம், காற்று, கொக்கி, மனைவி, மைத்துனன். எதையும் விடவில்லை. பாதி உண்மையை விற்பது பாதிச் செருப்பை விற்பது போல. வாங்குகிறவர் நம்மைத்தான் அடிப்பார்.

"ஆக, நீங்கதான்" என்றார் அம்மா.

"நான்தான். ஆனா தெரிஞ்சு இல்ல."

"தெரிஞ்சு திருடறவனைப் பிடிச்சுடலாம்மா" என்றார் கொள்முதல்காரர். "தெரியாம திருடறவனை எப்படிப் பிடிக்கறது? அனுப்பிடுங்க."

அம்மா அவரை வெளியே போய் இருக்கச் சொன்னார். கதவு சாத்தியதும் பென்சிலைக் கீழே வைத்தார்.

"நேத்து முடிவாயிடுச்சு. வாங்கறோம். இதுவரைக்கும் வாங்காத அளவு. நாளைக்குக் காலையில சோதனைக்குக் குடுத்துட்டு, தெரு வழியாவே வாங்க. வைக்கோல் தொப்பி போட்டுட்டு."

புரிந்தது.

"நாம வரலன்னு நெனச்சுக்கிட்டு, தெரு சரக்கை வந்த விலைக்குத் தள்ள ஆரம்பிக்கும்" என்றார். "மத்தியானம் கொள்முதல்காரர் போய் அள்ளிக்கிட்டு வருவார். அடுத்த தடவை வேணாங்கறப்ப கறுப்பு. இப்படி நாலு தடவை. உங்க சாவி உங்ககிட்டயே இருக்கும்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. கோபக்காரரிடம் பேரம் பேசலாம்.

நாலு தடவை என்றால் மைத்துனன் ஒரே தடவையில் போய்விடுவான். அவன் பேச்சை நம்பிச் சரக்கைத் தள்ளுகிறவர்கள் அவனைத் தெருவில் நிற்க விடமாட்டார்கள். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் நான் என்னையே நம்பமாட்டேன். கடைகளுக்கிடையே வளர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். பேரத்தில் வாய் எத்தனை பொய்யும் சொல்லலாம்; இரண்டு பக்கமும் தெரிந்தே சொல்வது அது. தராசு சொல்லக் கூடாது. என் தலை ஒன்றரை வருடமாகத் தராசாக இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல். தெரிந்த முதல் நாளே அதன் தட்டுக்கு அடியில் புளியை ஒட்டச் சொல்கிறார்கள்.

"முடியாதும்மா."

"மச்சினன் அங்க தரகு பண்றார். அதனாலயா?"

"அதுவும்தான்."

"வேற என்ன?"

"உங்களுக்கு வேண்டியது என்ன? நாளைக்கு விலை ஏறக் கூடாது. இறங்கணும்னு திங்கக்கிழமை நீங்க கேக்கல. திங்கக்கிழமை கேட்டதை நான் தரேன். தொப்பி போட்டுக்கிட்டே போறேன், தெரு ஒண்ணையும் படிக்க முடியாது. ஒரு சல்லி ஏறிச்சுன்னா சாவியை வெச்சுட்டு நானே போயிடறேன்."

"உங்களை அனுப்பறது ஏற்கெனவே என் கையில இருக்கு. என் சரக்கையே எனக்கு விக்கறீங்களே."

நல்ல அடி. உள்ளுக்குள் ரசித்தேன்; வெளியே ரசிக்க நேரமில்லை. கடைசிச் சரக்கை எடுத்து வைத்தேன்.

"என்னை அனுப்பிட்டு வேற ஆள் போடுவீங்க. அவன் தொப்பி போட மாட்டான். ஆனா அவனுக்கும் ஒரு பழக்கம் இருக்கும். குடை, பை, நடை, ஏதோ ஒண்ணு. தெரு அதைப் படிச்சுடும். அவங்களுக்கு வேற வேலை இல்ல. அவன் என்னத்தைச் சொல்லிக்கிட்டுப் போறான்னு அவனுக்கே தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்ச ஆளு ஒருத்தன்தான் இருக்கான் உங்ககிட்ட."

அம்மா பென்சிலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கு ஒரு நாள்" என்றார்.

அன்று சாயங்காலம் என் மனைவி தம்பியிடம் தொலைபேசியில் பேசியது அடுப்படியிலிருந்து கேட்டது. "உன் தலையை மொட்டையடிக்க இவரைக் கத்தி பிடிக்கச் சொன்னாங்களாம். மாட்டேன்னுட்டாரு. அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. வேற எதுவும் கேக்காத." உடனே வைத்துவிட்டாள். அவள் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்து அவன் எதைக் கணக்கிடுவான் என்று கணக்கிட்டுக்கொண்டே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு புத்தகங்களையும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தலையில் நாலு தொப்பியும் இருந்தன. அடியில் காதுமூடி, அதன் மேல் கறுப்பு, அதன் மேல் சாம்பல், எல்லாவற்றுக்கும் மேலே வைக்கோல். மனைவி ஒரு துணி நாடாவை உச்சியிலிருந்து கன்னம் வரை இழுத்து முகவாய்க்குக் கீழே கட்டிவிட்டாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்த கோபுரம் மாதிரி இருந்தேன். பாலத்தில் காற்று நாலையும் சேர்த்துத் தள்ளியது, கழுத்து தள்ளாடியது, ஒன்றும் விழவில்லை. சலவைப் பட்டறையில் புத்தகங்களை வாங்கிக்கொண்டவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுத வேண்டியதை இரண்டு முறை தப்பாக எழுதினார்.

தெருவில் நுழைந்தேன்.

செவ்வாய்க்கிழமை போலவே ஓசை அடங்கியது. வெறுந்தலையைப் பார்த்துப் பயந்த தெரு, இப்போது நிறைந்த தலையைப் பார்த்து மூச்சை அடக்கியது. என் நெஞ்சு அடிப்பது முகவாய் நாடாவில் தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் மைத்துனனைப் பார்த்தார்கள். அவன் லைனிங் கடைப் படியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

"கறுப்பு இருக்கு" என்றார் ஒருவர்.

"வைக்கோலும் இருக்கே. மேல இருக்கறது வைக்கோல்தான்."

"மேல இருக்கறது கணக்கா, அடியில இருக்கறது கணக்கா?"

"அடியில காதுமூடிய்யா. இன்னிக்கு எதுவுமே கேக்காதேன்னு அர்த்தம்."

"நாலையும் கூட்டினா என்னப்பா வரும்? தரகரே, சொல்லுங்க."

மைத்துனன் நோட்டைப் புரட்டினான். அதற்குள், தலையில் துணி மூட்டையோடு எதிரே வந்த சுமைதூக்கி ஒருவர் நின்று, என் தலையையும் தன் தலைச்சுமையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அண்ணே, கூலி ஒரு நடைக்கா, ஒரு தொப்பிக்கா?"

லைனிங் கடைக்காரர் வாயில் வைத்திருந்த டீ மூக்கு வழியாக வந்தது. எதிர்க் கடையில் ஒருவர் அளவுகோலைக் கீழே போட்டார். பிறகு தெரு முழுக்கப் பிடித்துக்கொண்டது. ஒன்றரை வருடமாக என் தொப்பியைப் பார்த்து ஒருமுறை கூடச் சிரிக்காதவர்கள், சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார்கள். "கொரங்குங்க எந்த மரத்துல?" என்று எங்கிருந்தோ ஒரு குரல். எனக்குக் கூச்சமாக இருந்தது, கண் கலங்கியது, தோளிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி வைத்தது போலவும் இருந்தது. சிரிக்கிறவன் படிப்பதில்லை.

ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. மைத்துனனின் பார்வை வைக்கோலில் தொடங்கி, சாம்பல், கறுப்பு, காதுமூடி என்று ஒவ்வொரு படியாக இறங்கியது. முகம். சட்டை. கை. வெறுங்கை. இன்னும் கீழே போனது. போய் அங்கேயே நின்றது.

நானும் குனிந்து பார்த்தேன். ரப்பர் செருப்பு. சலவைப் பட்டறையின் தரையில் எப்போதும் கணுக்கால் வரை ஈரம். அங்கே போகிற நாளில் தோல் செருப்பு போட மாட்டேன். செருப்பு சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால், தெரு முனையிலிருந்து நான் நின்ற இடம் வரை, ஈரக் காலடிகள் வரிசையாக வந்து நின்றிருந்தன. ஒரே கைச்சுமையென்றால் வாசலிலேயே கொடுத்துவிட்டு வருவேன். பெரிய புத்தகங்களை மட்டும்தான் உள்ளே தொட்டி வரை கொண்டுபோக வேண்டும்.

அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.

சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பென்சிலின் முனை நோட்டின் மேல் நின்றதைப் பார்த்தேன். ஒரே ஒரு சொல் போதும். கடைக்காரர்கள் சிரித்து முடிப்பதற்குள் விலை ஏறிவிடும்.

அவன் பென்சிலைத் திரும்பக் காதில் செருகினான். நோட்டை மூடிக்கொண்டு படியிறங்கி, என்னைக் கடந்து போகிறவன் போல வந்து, என் காதுமூடிக்குப் பக்கத்தில் சொன்னான்.

"செருப்பு நனைஞ்சிருக்கு மாமா. கழட்டிக் கையில எடுத்துட்டுப் போங்க. வழுக்கும்."

எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒருவர் இன்னொருவருக்கு எதையும் சும்மா கொடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பதினோரு மணிக்குக் கொள்முதல்காரர் தெருவுக்குப் போனார். நான் சாம்பிள் அறையில் வெட்டிய துண்டையே மறுபடி வெட்டிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குப் படியேறி வந்தார். "பழைய விலைதான்" என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் குரலில், ஜெயித்தும் பந்தயம் போனவனின் சோர்வு இருந்தது.

சிறிது நேரம் கழித்து அம்மா என் அறை வாசலில் வந்து நின்றார். மேஜையில் அடுக்கியிருந்த நாலு தொப்பிகளைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"காயுதும்மா" என்றேன்.